ஆட்டிசக் குழந்தைகளும் கேளிக்கைப் பூங்கா வரிசைகளும்

ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும் குடும்பங்களுக்குப் பெரிய தடை, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் முன்னால் வளைந்து கிடக்கும் வரிசைதான். ராட்டினத்தில் ஏறியதும் கைகொட்டிச் சிரிக்கும் பிள்ளை, அதற்கு முந்திய அரை மணி நேரத்தைத் தாங்க முடியாமல் தரையில் புரண்டு அழும். பக்கத்தில் நிற்பவர்கள் அதை அடம் என்பார்கள், வளர்த்த லட்சணம் என்பார்கள். இரண்டும் தவறு.

வரிசை எப்போது முடியும் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டடி நகரும், பிறகு காரணம் புரியாமல் நிற்கும். காத்திருக்கும் நேரத்தை மனத்துக்குள் அளப்பதும் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பதும் ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். ஒலிபெருக்கிப் பாட்டு, குளோரின் வாடை, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஈரத் தோளோடு உரசும் அந்நியர்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. நம் நாட்டு நீர்ப்பூங்காக்களில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. பருத்தி உடையுடன் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் போன்ற செயற்கை இழை உடைதான் போட வேண்டும். தொடுவுணர்வு கூர்மையான குழந்தைக்கு அந்தத் துணியே முள்ளாகக் குத்தும். நுழைவாயிலில் மணிக்கட்டில் ஒட்டும் பட்டையைச் சில பிள்ளைகள் பிய்த்தெறிந்துவிடும். வெளியுணவுக்குத் தடை இருக்கும் இடத்தில், இரண்டு மூன்று பண்டங்களை மட்டுமே தின்னும் குழந்தை நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும். வரிசைக்கு வந்து சேரும்போதே பாதிப் பொறுமை தீர்ந்திருக்கும்.

மாநில எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கூட்டத்தின் சுமையும் கூடுதல். கோட்டுகாலை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞத்தை ஒட்டி இருக்கும் ஊர் அது. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது எல்லையோரக் களியக்காவிளை தமிழ்நாட்டுக்கும், அடுத்திருக்கும் பாறசாலை கேரளத்துக்கும் போயின. ஆனாலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் சுற்றுலா எல்லையைப் பார்ப்பதில்லை. வடக்கே வெம்பாயத்தில் ஹேப்பி லேண்ட் நீர்ப்பூங்கா, தெற்கே கன்னியாகுமரியில் பேவாட்ச், 200 கிலோமீட்டருக்கு அப்பால் கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய வொண்டர்லா. இரண்டு மாநில விடுமுறைக் கூட்டமும் இவர்கள் தலையில்தான் விழும். ஓணத்துக்கு ஒரு நெரிசல், பொங்கலுக்கு ஒரு நெரிசல். கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு முடியும்வரை ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரி நிரம்பி வழியும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கான வரிசை தெருவரைக்கும் நீளும். பள்ளி திறந்த பிறகு வரும் வாரநாள் காலைகளில் கூட்டம் குறையும். தென்மேற்குப் பருவமழை பலத்தால் ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள் என்பதால், வானிலை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

உலகில் இந்தச் சிக்கலுக்கு அதிகம் பேசப்பட்ட தீர்வு அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களுடையது. அங்கே முன்பு உதவி அட்டை ஒன்று இருந்தது. பணக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி அந்த அட்டையால் வரிசையைத் தாண்டுவதாக 2013-ல் செய்தி வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி முறையை மாற்றியது. வரிசை 40 நிமிடமென்றால், அவ்வளவு நேரம் கழித்து வரச்சொல்லிக் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை குழந்தை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம். தங்கள் பிள்ளைகளால் எங்கேயும் காத்திருக்க முடியாது, ராட்டினங்களின் ஒழுங்கு மாறினாலே நிலைகுலைந்துபோவார்கள் என்று சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2020-ல் தீர்ப்பு டிஸ்னிக்குச் சாதகமாக வந்தது. 2024-ல் இந்தச் சலுகையை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே டிஸ்னி பெரும்பாலும் சுருக்கிக்கொண்டது. குறை இருந்தாலும், காத்திருப்பதையும் வரிசையில் நிற்பதையும் பிரித்த இந்த ஏற்பாடுதான் இதுவரை வந்தவற்றில் நியாயமானது. மற்றவர் முறையைப் பறிக்காமலேயே குழந்தைக்கு இடம் கிடைக்கிறது. நம் பூங்காக்கள் சிலவற்றிலும் வரிசையைத் தாண்டும் வழி உண்டு. ஆனால் அது கூடுதல் காசுக்கு விற்கப்படுகிறது. காசுள்ளவருக்குத் திறக்கும் அதே கதவை ஆட்டிசக் குழந்தைக்காகத் திறக்க முடியாது என்று எந்தப் பூங்காவும் சொல்லக் கூடாது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்கிறது அச்சட்டம். தனியார் நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் இந்த வசதியைக் கேட்கலாம் என்பதில்லை என்று 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழுக்கான மதிப்பீடு ‘ஐ.எஸ்.ஏ.ஏ.’ என்ற இந்திய அளவுகோலின்படி நடக்கிறது. 40 கேள்விகள், 70 மதிப்பெண் முதல் ஆட்டிசம், 153-ஐத் தாண்டினால் தீவிரம். சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். கேரள மருத்துவக் குழு கொடுத்ததைக் கோட்டுகால் பெற்றோர் கன்னியாகுமரியிலும் தயங்காமல் நீட்டலாம். ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள ‘நிஷ்’ நிறுவனம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

வீட்டிலேயே செய்ய வேண்டியதும் உண்டு. வாயில், வரிசை, ராட்டினம், சாப்பாடு, வீடு என்று நாளைப் படங்களாக அடுக்கி முந்தின நாளே காட்டிவிட்டால், அடுத்து வருவது குழந்தைக்குத் தெரியும். முடிந்த படத்தைத் தன் கையாலேயே கழற்றிப் பைக்குள் போட வைப்பது நல்லது. நிமிடம் குறைவது தெரியும் மணற்கடிகாரம், காதை மூடும் ஒலித்தடுப்பான், பழகிய தின்பண்டம் ஆகியவை கையில் இருக்கட்டும். ரேஷன் கடையிலும் பேக்கரியிலும் இரண்டு பேருக்குப் பின்னால் நின்று பழகிய பிள்ளைக்கு, பூங்காவில் ஐந்து பேருக்குப் பின்னால் நிற்பது அவ்வளவு பாரமாக இருக்காது. பெற்றோரில் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் குழந்தையுடன் வெளியே இருந்து முறை வந்ததும் சேர்ந்துகொள்ள அனுமதி கேட்கலாம். இதற்குப் பூங்காவுக்குச் செலவே இல்லை. உடை, உணவு, பட்டை, வரிசை ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, போவதற்குச் சில நாள் முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாயிற்காவலரிடம் வாக்குவாதம் செய்வதைவிட அது பலன் தரும். மறுத்தால், பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.