காசும் 'கேஷு'ம்

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசி'லிருந்து பிறந்தது எனப் பெருமையோடு கூறுவார் பலர். ஒலி ஒத்திருப்பது உண்மையே. ஆயின் பிறப்பு வேறு. பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்னும் இலத்தீன் சொல், இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆகித் திரிந்து, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. பணப்பெட்டிக்கும் அதனுள் இருக்கும் பணத்துக்கும் அதுவே பெயராயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர்.

எனினும், காசுக்கும் ஆங்கிலத்தில் இடமில்லாமற் போகவில்லை. போர்த்துக்கீசியர் அதனைக் 'காஷா' எனத் திரித்தனர். அவர்கள் வாயிலாகப் பெற்ற ஆங்கிலேயர், முன்னைச் சொல்லின் எழுத்துகளாலேயே இதனையும் எழுதினர். மயக்கம் விளைந்தது அதனால்தான். கும்பினியார் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் எனக் கணக்கு வைத்திருந்தனர். நடுவே துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இட்ட பெயர் இந்தத் தமிழ்க் காசே.