மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ்

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் திருவிழாவிலே பஞ்சரதங்கள் வீதியுலா வரும்போது, நாதஸ்வர வித்துவான்கள் மல்லாரியில் தொடங்கிக் கீர்த்தனைகள் பலவற்றை வாசித்தபின், கூட்டம் சற்றே களைத்திருக்கும் வேளை பார்த்துப் பழைய திரைப்பாடல் ஒன்றுக்கு இறங்குவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சாருகேசி இராகத்தில் ஒரு பாடல் எழுந்தது. அருகே நின்ற முதியவர் ஒருவர் கண்களை மூடித் தாளமிட்டார். என் பாடசாலை மாணவன் ஒருவன், “இது எந்தப் படத்துப் பாட்டு சேர்?” என்று கேட்டான். “ஹரிதாஸ்” என்றேன். அவனுடைய பாட்டனாரும் பிறந்திராத காலத்துப் படம் என்றபோது அவன் நம்பவில்லை.

நேயர்களே, அந்தப் படம் 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கிலே 1945ஆம் ஆண்டுத் தீபாவளியையும் கடந்து 1946ஆம் ஆண்டுத் தீபாவளியையும் கண்டது. சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கினார், எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகர், டி.ஆர். ராஜகுமாரி ரம்பை என்னும் தாசி. கர்நாடக இசையரசிகளுள் ஒருவரான என்.சி. வசந்தகோகிலம் மனைவி. பாடல்களை யாத்து இசையமைத்தவர் பாபநாசம் சிவன். வாத்திய இசையை ஜி. இராமநாதன் கவனித்தார்.

பாகவதரின் முதற்படமாகிய பவளக்கொடியில், 1934இல், ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இருந்தன. நாடக மேடையைப் பெயர்த்துத் திரையில் வைத்த காலம் அது. ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைவரை சென்றெட்டிய குரல் அவருடையது. கதை நின்று காத்திருக்கும்; அவர் பாடி முடித்தபின்பே நகரும். ஹரிதாஸ் எடுக்கப்பட்ட நாட்களிலோ உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டினால் படமொன்று 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் விதித்திருந்தது. சிவனுக்கும் இராமநாதனுக்கும் இந்த நெருக்கடி நன்மையே செய்தது என்பது என் எண்ணம். பாடல்கள் இருபதளவிற் குறைந்தன. குறைந்தவை நறுக்கென்று அமைந்தன. இராக ஆலாபனையை நீட்ட இடமில்லாமையால், கேட்டவன் ஒரே கேள்வியில் மனத்தில் ஏற்றிக்கொண்டு வீதியிலே பாடிச் செல்லத்தக்க வடிவம் அவற்றுக்கு வாய்த்தது. சாருகேசி பாமர மக்களின் வாயிற் புகுந்ததும் இப்படித்தான்.

படத்தின் வெற்றிக்கு வேறொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு. படம் வெளியாகி இரண்டு மாதமளவில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகினர். 1945இல் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கிலே 1947 ஏப்ரலில் விடுதலையாயினர். செல்வச் செருக்கினால் வீழ்ந்து பின் திருந்தும் நாயகனைத் திரையிலே காட்டிய நடிகர் சிறையிலே இருந்தார். அந்த அநுதாபமே கூட்டம் சேர்த்தது என்பர். நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. அநுதாபந்தான் காரணமென்றால், விடுதலையானபின் 1948இல் வந்த ராஜமுக்தி அல்லவா கொண்டாடப்பட்டிருக்க வேண்டும்? அது தோல்வியுற்றது. மக்கள் அவரை மறக்கவில்லை. ஆயினும் புதிய படத்தைத் தேடிப் போகவுமில்லை. 1952இல் பராசக்தி வந்தபோது வசனத்தின் யுகம் பிறந்துவிட்டது. பாகவதர் 1959 நவம்பரில் காலமானார்.

எனினும் பாட்டுகள் தம் வழியே நடந்தன. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரையிசையைக் கட்டுப்படுத்தியபோது, தமிழகத்து நேயர்களும் இலங்கை வானொலிக்குச் செவி திருப்பினர் என்பது நாம் பெருமையோடு நினைப்பது. நம் மலைநாட்டுத் தோட்டங்களிலோ, படத்தையே பாராதவர்கள் அதன் பாட்டுகளை அறிந்திருந்தனர். பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் முணுமுணுத்தனர்.

ஹரிதாஸ் பண்டரிபுரத்துப் புண்டலீகர் கதையைத் தழுவியது. பெற்றோரை வீட்டை விட்டுத் துரத்திய மகன், யாவும் இழந்து, அவர்களைத் தேடி வந்து பணிவிடை செய்கிறான். அந்த இடத்திலே தாய் தந்தையரைப் போற்றி ஒரு பாடல் உண்டு. தமிழகத்திலே அது பக்திப் பாடல். மாத்தளையிலே அதற்கு வேறொரு பொருளும் ஏறியது. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்துவந்த கூலிகளுக்கு மலையகத்தின் வாயிலாக இருந்த ஊர் இது. பெற்றோரைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். பின்னர் 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, எதிர்த் திசையிலும் அதே பிரிவு நேர்ந்தது. என் பாட்டனாரும் பாட்டியாரும் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்று, தலைமன்னாரில் கப்பலேறினர். என் தந்தையாருக்கோ இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. நாங்கள் இங்கே தங்கினோம். அப்போது நான் சிறுவன். புகையிரதம் நகர்ந்தபோது பாட்டியார் ஜன்னல் வழியே என் கையிலே ஒரு கற்கண்டுப் பொட்டலத்தைத் திணித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதன்பின் வானொலியிலே அந்தப் பாடல் ஒலித்தால், என் தந்தையார் எழுந்து வெளியே போய்விடுவார். பழைய பாட்டுகள் அவருக்குப் பிடிப்பதில்லை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நான் ஆசிரியனாகிச் சில ஆண்டுகள் சென்றபின், ஒரு மாலையிலே அவர் மாட்டுக்குப் புல் போட்டபடி அதே பாடலை முதலடி தொடங்கிக் கடைசிவரை ஓரிடமும் தவறாமல் பாடிக்கொண்டிருக்கக் கேட்டேன். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

தேர் நாளன்று கேள்வி கேட்ட மாணவன் மறுவாரம் என் அறைக்கு வந்தான். கைத்தொலைபேசியிலே படத்தைப் பார்த்தானாம். “குதிரையிலே பாடிக்கொண்டு வாறது நல்லா இருக்கு சேர். ஆனால் அப்பா அம்மாவைத் துரத்தின இடத்திலே நிறுத்திவிட்டேன்” என்றான். “மிச்சத்தையும் பார்” என்றேன்.