சந்தாவில் வளர்ந்த நால்வரிசை

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் படைத்தவர் பெயரையும் படைப்பின் பெயரையும் பொறித்தவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். அப்படைப்பு முதன்முதல் எந்தக் கூடத்தில், எவர் முன்னிலையில், எவர் அளித்த பொருளால் அரங்கேறிற்று என்னும் செய்தி அடிக்குறிப்பளவில் நின்றுவிடுகிறது. ஐரோப்பிய இசையில் நால்வரிசை எனப்படும் வடிவத்தின் வரலாற்றை அவ்வாறு எழுத இயலாது. அதனைப் படைத்தவர், இசைத்தவர், முன்பணம் கட்டிக் கேட்க வந்தவர் என்னும் மூவரில் ஒருவரை நீக்கினாலும் அவ்வரலாறு முடமாகிவிடும்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு நரம்புக் கருவிகளுக்கென எழுதப்படுவது நால்வரிசை. இதில் நடத்துநர் இல்லை, பாடகர் இல்லை, ஒருவர் பிழையை மறைக்கப் பக்கத்தில் இன்னொருவர் அதே பகுதியை இசைப்பதும் இல்லை. நால்வரும் நான்கு வேறு பேச்சுகளைப் பேசி ஒரே கருத்தை முடிக்கின்றனர். பேரவைக்கென எழுந்த பல்லியங்களினின்று வேறுபட்டு, இல்லத்து அறைக்குரியதாய்ப் பிறந்ததால் இவ்வகை அறையிசை எனப் பெயர் பெற்றது.

இல்லத்தினின்று அரங்குக்கு

இவ்வடிவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹைடன், 1750களில் ஃபியூர்ன்பெர்க் என்னும் பிரபுவின் வைன்சியர்ல் மாளிகையில் தம் தொடக்கக்கால நால்வரிசைகளை எழுதினார். அங்கே அவற்றை இசைத்தவர்களுள் அவ்வூர்ப் பாதிரியாரும் பண்ணைக் காரியக்காரரும் இருந்தனர். 1784இல் வியன்னாவில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில் ஹைடனும் டிட்டர்ஸ்டார்ஃபும் வயலின் ஏந்த, மோட்சார்ட் வியோலாவும் வான்ஹால் செல்லோவும் இசைத்ததாக உடனிருந்த பாடகர் மைக்கேல் கெல்லி எழுதியுள்ளார். அக்காலை நால்வரிசைக்குக் கேட்போர் கூட இன்றியமையாதவர் அல்லர். இசைப்போரே அதன் முதற் கேட்போராகவும் இருந்தனர். புலவர் நால்வர் கூடித் தம் பாக்களைத் தமக்குள் படித்து மகிழ்வது போன்ற நிலை அது.

கேட்போரை முன்கூட்டியே திரட்டும் சந்தா முறை வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியோர் அச்சுக்கு முன்னரே கையொப்பம் வாங்கியதை ஒத்த முறை எனலாம். 1784ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் மோட்சார்ட் தம் பியானோ நிகழ்ச்சிகளுக்குத் திரட்டிய பட்டியலில் 174 பெயர்கள் இருந்தன. அவற்றைத் தம் தந்தைக்குப் பெருமிதத்தோடு எழுதி அனுப்பினார். ஐந்தே ஆண்டுகள் சென்றன. 1789இல் அவர் மீண்டும் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரண்டு வாரம் கழிந்தும் அதில் இருந்தது வான் ஸ்வீட்டன் என்பாரின் ஒரே பெயர். கடன் கேட்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் இச்செய்தியை மோட்சார்ட் குறிப்பிடுகிறார். கலைஞன் அதே கலைஞன். நகரமும் அதே நகரம். போர்ச்சூழலும் பிரபுக்களின் பொருள்நிலையும் மாறியிருந்தன. சந்தா என்பது கலைக்கு நிலைத்த அரணன்று, ஆண்டுதோறும் புதிதாய்த் திரட்டப்பட வேண்டிய நம்பிக்கை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நால்வரிசை பொது அரங்கேறிய இடங்களுள் இலண்டன் முதன்மையானது. 1791 முதல் சாலமன் என்னும் வயலின் கலைஞர் அங்கு நடத்திய சந்தா நிகழ்ச்சிகளுக்காக ஹைடன் வரவழைக்கப்பட்டார். மீண்டும் இலண்டன் செல்லும் நோக்குடன் 1793இல் அவர் ஆறு நால்வரிசைகளை எழுதினார். அவற்றின் தொடக்கங்கள் ஆராயத்தக்கவை. இல்லத்து அறையில் நண்பர்கள் முன்னரே அமைதியாய் இருப்பர். பெரிய கூடத்திலோ பேச்சொலி அடங்கியாக வேண்டும். ஆகவே அவையை அடக்கும் உரத்த முழக்கங்களை ஹைடன் முகப்பில் வைத்தார். கேட்பவர் மாறியவுடன் எழுத்தின் முகமும் மாறியது.

ஷுப்பான்சிக் கண்ட முதற் பருவம்

வியன்னாவில் நால்வரிசைக்கென்றே ஒரு நிகழ்ச்சிப் பருவத்தை அமைத்தவர் இக்னாட்ஸ் ஷுப்பான்சிக். 1776இல் அந்நகரில் பிறந்த அவர், இளமையிலேயே லிக்னோவ்ஸ்கி இளவரசரின் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடந்த நால்வரிசைக் கூட்டங்களில் முதல் வயலின் இசைத்தார். பீத்தோவனுக்கு நெருங்கிய நண்பர். உடல் பருத்த அவரைப் பீத்தோவன் ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் எனக் கேலிப் பெயரிட்டு அழைப்பார். 1801இல் அப்பருமனைப் பாடுபொருளாக்கி ஒரு நகைச்சுவைப் பாடலும் எழுதினார்.

1804-05ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஷுப்பான்சிக் ஒரு தனியார் இல்லத்தில் நால்வரிசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். நான்கு நிகழ்ச்சிகளுக்கு ஐந்து கூல்டன் முன்பணம் என்பது ஏற்பாடு. லைப்சிக் நகரின் இசை இதழ் ஒன்று 1805இல் இதனைப் பாராட்டிச் செய்தி வெளியிட்டது. இரண்டாம் வயலின் இசைத்த மைசெடர் அப்போது பதினைந்து வயதுச் சிறுவர். செல்லோ இசைத்த அன்டோன் கிராஃப்ட், எஸ்டெர்ஹாசி அரண்மனையில் ஹைடனின் கீழ்ப் பணியாற்றிய முதுகலைஞர். சிறுவரும் முதியவரும் ஒரே நால்வரில் இணைந்தது அம்முயற்சியின் இயல்பைக் காட்டும். இதுவரை பிரபுவின் அழைப்பின்றி நுழைய முடியாதிருந்த அறைக்கு இப்போது ஐந்து கூல்டன் ஒரு திறவுகோலாயிற்று. அத்தொகை எளியோர்க்கு எட்டியதன்று. எனினும் பிறப்பால் வரும் உரிமைக்கு மாற்றாக ஒரு வழி திறந்தது.

பிரபுக்களின் ஆதரவு அதனால் அற்றுப் போகவில்லை. 1808இல் இரசிய நாட்டுத் தூதர் ரசுமோவ்ஸ்கி தம் அரண்மனைக்கென ஒரு நால்வர் குழுவை அமைத்து, ஷுப்பான்சிக்கை அதன் தலைவராக்கினார். இத்தூதருக்கெனப் பீத்தோவன் 1806இல் எழுதிய மூன்று நால்வரிசைகளையும் ஆழமானவை, ஆனால் எல்லோர்க்கும் விளங்காதவை என அக்கால விமரிசகர் கருதினர். 1814 டிசம்பர் 31 அன்று, வியன்னா மாநாடு நடந்துகொண்டிருந்த வேளையில், ரசுமோவ்ஸ்கியின் அரண்மனை தீக்கிரையாயிற்று. அவர் பொருள்வளம் குன்றியது. 1816இல் குழு கலைந்தது. ஷுப்பான்சிக் இரசியாவுக்குப் பெயர்ந்தார். ஒரே புரவலரின் கூரையின்கீழ் வாழ்ந்த கலை, அக்கூரை எரிந்தவுடன் வெளியேற நேர்ந்தது.

1825ஆம் ஆண்டுத் தோல்வி

ஷுப்பான்சிக் 1823இல் வியன்னா திரும்பினார். ஹோல்ட்ஸ் இரண்டாம் வயலினும், வைஸ் வியோலாவும், லிங்கெ செல்லோவும் ஏற்க, சந்தா நிகழ்ச்சிகள் மீண்டும் தொடங்கின. 1824 மார்ச் 14 அன்று ஷூபர்ட்டின் ஏ மைனர் நால்வரிசை இக்குழுவால் அரங்கேறியது. ஷூபர்ட் வாழ்ந்த காலத்தில் அச்சேறிய அவருடைய நால்வரிசை இது ஒன்றே. அதனை அவர் ஷுப்பான்சிக்குக்கே உரிமையாக்கினார்.

இதற்கிடையே 1822ஆம் ஆண்டிறுதியில் இரசிய இளவரசர் கலித்சின், நால்வரிசைகள் எழுதித் தருமாறு பீத்தோவனைக் கேட்டிருந்தார். பத்தாண்டுக்கும் மேலாக இவ்வடிவத்தைத் தொடாதிருந்த பீத்தோவன் மீண்டும் இதற்குத் திரும்பினார். அவற்றுள் முதலாவதை ஷுப்பான்சிக் தம் 1825ஆம் ஆண்டுப் பருவத்தில் சேர்த்து அறிவித்துவிட்டார். இங்கே சந்தா முறையின் இடர் வெளிப்படுகிறது. வரும் பருவத்தின் நிரல் என்பது ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதியை அளித்தவர் இசைப்பவர். அதனை நிறைவேற்றும் ஆற்றலோ படைப்பவர் கையில் இருந்தது. சனவரியில் நூல் முற்றுப்பெறாமையால் பழைய நால்வரிசை ஒன்றை இசைத்து அவையை நிறைவு செய்ய நேர்ந்தது.

புதிய படைப்பு 1825 மார்ச் 6 அன்று அரங்கேறியது. அதற்கு முன் பீத்தோவன் நால்வரிடமும், தத்தம் பகுதியைச் சிறப்புற இசைப்பதாக உறுதிகூறும் வேடிக்கைப் பத்திரம் ஒன்றில் கையொப்பம் வாங்கினார். வேடிக்கைக்குள் கவலையும் இருந்தது. ஒத்திகைக்குக் கிடைத்த நாள்கள் மிகச் சில. அஞ்சியவாறே நிகழ்ச்சி தோற்றது. அவையினர் குழம்பினர். நண்பரின் மீது பீத்தோவன் சினந்தார். படைப்பை யோசப் பேம் என்னும் இசைப் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்.

செவிப்புலன் இழந்திருந்த பீத்தோவன், பேம் நடத்திய ஒத்திகைகளில் அமர்ந்து வில்களின் அசைவைக் கண்ணால் தொடர்ந்தார் என்றும், வேகத்தின் சிறு மாற்றத்தையும் உணர்ந்தார் என்றும் பேமின் நினைவுக்குறிப்பு கூறுகிறது. இறுதிப் பகுதியில் வேகத்தைக் குறைக்குமாறு பீத்தோவன் எழுதியிருந்தார். குறைக்காமல் இசைப்பதே நன்று எனப் பேம் எண்ணி, நால்வரும் அவ்வாறே இசைத்தனர். மூலையில் ஒடுங்கி அமர்ந்து பார்த்திருந்த பீத்தோவன் எழுந்து, அப்படியே இருக்கட்டும் என ஏற்று, தாள்கள் நான்கிலும் அக்குறிப்பை அடித்துவிட்டார். கேளாச் செவியினர் ஒருவர் தம் இசைப்போரை நம்பித் தம் எழுத்தைத் திருத்திக்கொண்ட நிகழ்ச்சி இது.

பின்னர் பேம் அதனை ஒரே மாலையில், ஒரே அவையினர் முன் இருமுறை இசைத்தார். முதல் முறை மூடியிருந்த திரை இரண்டாம் முறை விலகியதாக அக்காலச் செய்தித்தாள் ஒன்று எழுதியது. வியன்னாவின் சுவைஞர்கள் சில வாரங்களில் அறிவாளிகளாக மாறிவிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது நல்ல ஒத்திகையும் மறு கேட்பும்.

கடனும் கலையும்

ஷுப்பான்சிக் மனம் புண்பட்டாலும் விலகவில்லை. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று பீத்தோவனின் ஏ மைனர் நால்வரிசையையும், 1826 மார்ச் 21 அன்று பி பிளாட் நால்வரிசையையும் அவர் குழுவே அரங்கேற்றியது. பின்னதன் இரண்டாம், நான்காம் பகுதிகளை அவையினர் மீண்டும் கேட்டு மகிழ்ந்தனர். முடிவாய் அமைந்த பெரும் ஃபியூக் எவருக்கும் பிடிபடவில்லை. பதிப்பாளர் அர்தாரியா அதனைத் தனிநூலாக்கி, வேறு முடிவு எழுதித் தருமாறு வேண்டினார். பீத்தோவன் இசைந்து 1826 நவம்பரில் எழுதி முடித்தார். அவர் முழுமையாக எழுதி முடித்த கடைசிப் பகுதி அதுவே.

அவை ஏற்காத அந்த ஃபியூக்கின் பின்வரலாறு குறிப்பிடத்தக்கது. பியானோவில் இருவர் இசைக்க ஏற்றவாறு பீத்தோவனே அதனை மாற்றி எழுதிய கைப்படி, 2005இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை அடுத்த இறையியல் கல்லூரி நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டு, அவ்வாண்டிறுதியில் இலண்டனில் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. இன்று பல குழுக்கள் அந்நால்வரிசையை அதன் பழைய முடிவுடனேயே இசைக்கின்றன.

சந்தாவைப் பற்றிய வரலாற்றில் சுவை மிக்க நிகழ்ச்சியும் 1826இல்தான் நேர்ந்தது. டெம்ப்ஷர் என்னும் செல்வர் தம் இல்லத்தில் நால்வரிசைக் கூட்டங்கள் நடத்துபவர். பி பிளாட் நால்வரிசையின் அரங்கேற்றத்துக்கு அவர் சந்தா கட்டவும் இல்லை, வரவும் இல்லை. பின்னர் அதனைத் தம் இல்லத்தில் இசைக்கக் கைப்படி கேட்டார். பீத்தோவன் மறுத்தார். முதலில் ஷுப்பான்சிக்குக்கு ஐம்பது ஃபுளோரின் அனுப்பிச் சந்தாக் கடனைத் தீர்க்குமாறு ஹோல்ட்ஸ் அவருக்குச் சொன்னார். கொடுத்தேதான் ஆகவேண்டுமா என டெம்ப்ஷர் சிரித்துக்கொண்டு கேட்டார். இதைக் கேள்வியுற்ற பீத்தோவன் வாய்விட்டுச் சிரித்து, ஆம், கொடுத்தே ஆகவேண்டும் என்னும் கருத்தில் ஒரு சிறு பாடல் புனைந்தார். அதன் இசைக்கூறே அவருடைய கடைசி நால்வரிசையின் இறுதிப் பகுதிக்கு வித்தாயிற்று. அப்பகுதியின் முகப்பில் கேள்வியும் விடையும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் விதியையும் சாவையும் கண்டு உரையெழுதினோர் பலர். அவ்வுரைகள் பொருந்தலாம், ஆயினும் அவற்றின் வேர், கட்டப்படாத ஒரு சந்தாவில் இருக்கிறது. தான் இல்லாத அவையில் நால்வர் உழைத்ததன் கூலியைத் தராமல் அவ்வுழைப்பின் கனியை மட்டும் வேண்டிய ஒருவருக்கு அளித்த விடை அது.

பீத்தோவன் 1827 மார்ச் 26 அன்று மறைந்தார். அடுத்த மாதமே ஷுப்பான்சிக் தம் நிகழ்ச்சிகளில் ஷூபர்ட்டின் எண்மரிசையையும், பி பிளாட் நால்வரிசையைப் புதிய முடிவுடனும் அரங்கேற்றினார். பீத்தோவனின் கடைசி நால்வரிசை 1828 மார்ச்சில் அவர் குழுவால் ஒலித்தது. 1830 மார்ச் 2 அன்று அவரும் மறைந்தார். 1849இல் ஹெல்மெஸ்பெர்கர் தொடங்கிய குழு வியன்னாவில் அம்மரபை நெடுங்காலம் காத்தது.

இன்றும் ஐரோப்பிய நகரங்களில் இலையுதிர் காலத்துக்கு முன்னரே நால்வர் குழுக்கள் தம் வரும் பருவத்தின் நிரலை அறிவிக்கின்றன. தெரிந்த ஹைடனும் பீத்தோவனும் இருக்கும் பட்டியலில், இன்னும் எவரும் கேட்டிராத புதுப்படைப்பு ஒன்றின் பெயரும் இடம்பெறுவதுண்டு. கேட்ட பின் பாராட்டுவோர் எக்காலத்தும் உளர். கேளாத ஒன்றை நம்பித் தம் பெயரை முன்னதாகவே எழுதித் தருவோரும், முதல் முறை விளங்காதபோது இரண்டாம் முறையும் வந்து அமர்வோரும் சிலரே. வியன்னாவின் நால்வரிசை அச்சிலரால் வளர்ந்தது. அவர்கள் கட்டியது நான்கு நிகழ்ச்சிக்கு ஐந்து கூல்டன்.