எழுதப்படாத 47 திருகாணிகள்



‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் இப்பழமொழி அடிக்கடி ஒலிக்கும். நாள் பாடத்திட்டம், வருகைப் பதிவேடு, மதிப்பீட்டுப் பதிவு என எழுதிக்கொண்டே இருந்தால் கற்பிப்பது எப்போது என்று சலித்துக்கொள்ளாத ஆசிரியர் இல்லை. நானும் சலித்துக்கொண்டவள்தான். அந்தச் சலிப்பை மாற்றியது வானூர்திப் பராமரிப்பின் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு விபத்து. அதனை இன்று பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வானூர்தியைப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் இரவு வேலை. பகலில் அது பறந்தாக வேண்டும். ஒருவர் தொடங்கிய வேலையை வேறொருவர் முடிப்பார். முடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். இவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமலேயே போவதும் உண்டு. ஆகவே, ஒருவர் கைவேலையை மற்றவருக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பணி அட்டைக்கும் பதிவேட்டுக்கும் உரியது. அங்கு எழுத்தும் ஒரு கருவியே.

முதலில் ஓர் இங்கிலாந்து நிகழ்வு. 1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 வானூர்தி 17,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. திடீரெனத் தலைமை விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. அவரது உடலின் மேற்பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொள்ள, துணை விமானி சவுதாம்டனில் தரையிறக்கினார். தலைமை விமானி உட்பட அனைவரும் உயிர் பிழைத்தனர்.

அந்தக் கண்ணாடி பறப்புக்குச் சற்று முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதனைப் பிணைத்த 90 மறையாணிகளுள் 84 தேவையான விட்டத்தைவிட 0.026 அங்குலம் சிறியவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. பின்னிரவில் வேலை செய்த அனுபவமிக்க மேலாளர், பழைய ஆணியோடு கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். சரியான எண் உதிரிப்பாகப் பட்டியலில் இருந்தது. அதனை அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

அங்கு ஏடு இருந்தும் பார்க்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நேர்ந்ததோ, ஏட்டில் உரிய நேரத்தில் ஏறாததன் விளைவு.

1991ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இரவு. டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்ப்ராயர் 120 வகை வானூர்தியொன்று பராமரிப்புக்கு நின்றது. அதன் வாலின் உச்சியில், தரையிலிருந்து ஏறத்தாழ 20 அடி உயரத்தில், கிடையாக இரு சிறகுகள் உண்டு. அவற்றின் முன்விளிம்பில் பனி படியாமல் காக்கும் ரப்பர் உறைகளை மாற்ற வேண்டும். மாலைப் பணிக்குழுவினர் வலப்பக்கத்தில் வேலையைத் தொடங்கினர். சோதனையாளர் ஒருவர் உதவிக்கு மேலேறினார். வலப்பக்க மேல்வரிசைத் திருகாணிகளைக் கழற்றிய பின்பு, இடப்பக்கத்துக்கும் சென்று அங்குள்ள மேல்வரிசையின் 47 திருகாணிகளையும் கழற்றினார். அடுத்து வருபவருக்கு வேலை குறையட்டும் என்னும் நல்லெண்ணம்தான் அது.

பின்னர்ப் பணிநேரம் மாறிற்று. இரவுக் குழுவினர் வலப்பக்க உறையை மாற்றி முடித்தனர். இடப்பக்கத்துக்கு நேரம் போதாது. வேறொரு நாள் பார்க்கலாம் என விட்டுவிட்டனர். இடப்பக்கத்தில் எவரும் கைவைத்ததாக அவர்கள் அறியவில்லை. பணி அட்டையில் அது குறிக்கப்படவில்லை. வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை உரியவர்களைச் சென்றடையவில்லை. சோதனையாளர் தம் பதிவேட்டில் உறைகளைக் கழற்ற உதவியதாக எழுதத்தான் செய்தார். ஆனால், அவர் எழுதுமுன்பே இரவுச் சோதனையாளர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சென்றுவிட்டார்.

மறுநாள் காலை அவ்வானூர்தி லரேடோ நகருக்குப் பறந்து சேர்ந்தது. கீழ்வரிசைத் திருகாணிகள் மட்டுமே இடப்பக்க முன்விளிம்பைப் பிடித்திருந்தன. ஹூஸ்டனுக்குத் திரும்பும் வழியில், வானூர்தி இறங்கத் தொடங்கியபோது, அவ்விளிம்பு பிய்ந்து போயிற்று. மூக்கு கீழ்நோக்கிக் கவிழ்ந்து, வானூர்தி நடுவானில் சிதறி, ஈகிள் லேக் என்னும் ஊரருகே விழுந்தது. 14 பேரும் மாண்டனர். மேல்வரிசை காலியாக இருந்ததைத் தரையில் நின்று பார்த்த எவராலும் காண இயலாது. அதனைக் காட்டக்கூடியது ஒரு வரி எழுத்து மட்டுமே.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பராமரிப்புப் பணியாளர்களும் சோதனையாளர்களும் நெறிமுறைகளைக் கடைப்பிடிக்கத் தவறியதையே காரணமாகக் கூறியது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். ஓரிருவர் தவறு செய்தனர் என்பதோடு நிறுத்தக் கூடாது. நெறிமுறையைப் பின்பற்றும் பண்பாட்டை வளர்க்காத உயர் நிர்வாகத்தையும் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்றார். அக்கருத்து பின்னாளில் வானூர்தித் துறையில் பெருமதிப்புப் பெற்றது. கனடாவின் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய கார்டன் டுபாண்ட், பராமரிப்புத் தவறுகளுக்கான பன்னிரண்டு காரணங்களை 1990களில் பட்டியலிட்டார். களைப்பு, அவசரம், அளவுமீறிய தன்னம்பிக்கை ஆகியவை அதில் உள்ளன. தகவல் பரிமாற்றக் குறைவும் அப்பட்டியலில் உண்டு.

இதனைப் படித்தபோது என் வகுப்பிலிருந்த ஒரு சிறுமி நினைவுக்கு வந்தாள். இரண்டாம் ஆண்டில் என்னிடம் பயின்றவள். ஒரு செவியில் கேட்கும் திறன் குறைவு என்று அவள் தாயார் ஆண்டுத் தொடக்கத்தில் என்னிடம் கூறினார். முன்வரிசையில் அமர்த்திக்கொண்டேன், நன்றாகவே படித்தாள். ஆண்டிறுதியில், அடுத்த வகுப்பை ஏற்கவிருந்த ஆசிரியையிடம் சிற்றுண்டிச்சாலையில் இதனைச் சொன்னேன். ஏட்டில் எழுதவில்லை. புத்தாண்டில் வகுப்புப் பொறுப்பு வேறொருவருக்கு மாறிற்று.

நான்கு மாதம் கழித்து அத்தாயார் என்னைத் தேடி வந்தார். “நான் உங்களிடம் சொன்னேனே, டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். சிறுமி கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். கவனமற்றவள் எனப் பெயர் வாங்கியிருந்தாள். புதிய ஆசிரியர்மீது குற்றமில்லை. அவருக்குத் தெரிய வழியே இல்லை. நான் கழற்றிவைத்த திருகாணியை நான்தான் எழுதாமல் போனேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், பதிவேடு மேலதிகாரிகளின் பார்வைக்கு என்றே எண்ணியிருந்தேன். இன்று அவ்வாறு எண்ணுவதில்லை. நான் இல்லாத நாளில் என் வகுப்பில் நுழையும் ஆசிரியருக்காகவே அது எழுதப்படுகிறது. ஆகவே, முடித்த பாடத்தைவிட முடியாமல் விட்டதையே முதலில் எழுதுகிறேன். எந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் பிடிபடவில்லை, எவருக்கு மூச்சிரைப்பு, எவரை முன்னால் அமர்த்த வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் போதும்.

பெற்றோர்களே, தங்கள் பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். தேதியிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வகுப்பு மாறும் ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் எழுதிக் கொடுங்கள். சொல்லக் கேட்ட ஆசிரியர் மாறிப்போகலாம். அந்தத் தாள் பிள்ளையின் கோப்பிலேயே இருக்கும்.