மேற்கேள்வி (பிரிட்ஜ்)

மேற்கேள்வி அல்லது ஓவர்கால் என்பது, பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் ஏலத்தை ஓர் அணி தொடங்கிய பின்னர், அதனினும் உயர்ந்த கேள்வியை எதிரணியினர் கேட்பதைக் குறிக்கும். எத்தகைய சீட்டுகளோடு, எவ்வளவு துணிந்து மேற்கேள்வி கேட்கலாம் என்பது போட்டி பிரிட்ஜில் அடிக்கடி எடுக்க நேரும் கடினமான முடிவுகளுள் ஒன்றாகும்.

அடிப்படை

பிரிட்ஜ், நால்வர் இரண்டு இணைகளாக எதிரெதிரே அமர்ந்து 52 சீட்டுகளைக் கொண்டு ஆடும் ஆட்டமாகும். ஒவ்வொரு கேள்வியிலும் 1 முதல் 7 வரையிலான ஓர் எண்ணும், துருப்பாக அமைய வேண்டிய இனமும் இருக்கும். எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகளின் எண்ணிக்கை கிடைக்கும். இனங்கள் கிளாவர், டைமன், ஆர்டின், இஸ்பேட் என்ற ஏறுவரிசையில் அமையும். துருப்பில்லாக் கேள்வி இவை அனைத்திற்கும் மேலானது.

கையின் வலிமையை அளக்க ஏசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனப் புள்ளிகள் கணக்கிடப்படும். சீட்டுக்கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள் உண்டு. ஏலத்தைத் தொடங்கப் பொதுவாகச் சுமார் 12 புள்ளிகள் தேவை எனக் கொள்வர்.

தமிழகத்திலும் கேரளத்திலும் ஆடப்படும் இருபத்தெட்டு, ஈழத்தில் ஆடப்படும் முந்நூற்று நான்கு ஆகிய ஆட்டங்களிலும் கேள்வி உண்டு. ஆனால் அவற்றில் துருப்பு மறைத்து வைக்கப்படும். கேள்வி எண்ணை மட்டுமே அறிவிக்கும். பிரிட்ஜில் கேள்வியே இனத்தையும் அறிவித்துவிடுகிறது. எனவே மேற்கேள்வி என்பது விலையை உயர்த்துவது மட்டுமன்று. கூட்டாளிக்குச் சொல்லும் செய்தியும் ஆகும்.

நோக்கங்கள்

மேற்கேள்வியால் நான்கு பயன்கள் கிட்டலாம்.

1. ஆட்டத்தைத் தாமே ஏலத்தில் எடுத்தல்.
2. எதிரணி பேசுவதற்கான இடத்தைக் குறைத்தல். 1 கிளாவருக்கு மேல் 1 இஸ்பேட் கேட்டால், 1 டைமன், 1 ஆர்டின் ஆகிய இரண்டு கேள்விகளும் எதிரணிக்கு இல்லாமற் போகின்றன.
3. எதிரணி ஆட்டத்தை எடுத்தால், எந்த இனத்தை முதலில் இறக்க வேண்டும் என்று கூட்டாளிக்கு உணர்த்துதல்.
4. எதிரணி வெல்லக்கூடிய ஆட்டத்தைத் தடுக்க, குறைந்த இழப்பை அறிந்தே ஏற்றல்.

இனத்தின் தரம்

மொத்தப் புள்ளிகளைவிட, கேட்கும் இனத்தின் தரமே முதன்மையானது. வலப்புற எதிரி 1 டைமன் கேட்டதாகக் கொண்டு பின்வரும் இரு கைகளை ஒப்பிடலாம்.

முதற் கை: இஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10, 5; ஆர்டின் 7, 3; டைமன் 8, 4; கிளாவர் 9, 6, 5, 2.

இரண்டாம் கை: இஸ்பேட் ஜாக்கி, 7, 5, 4, 2, ஆர்டின் ராஜா, ராணி, டைமன் ராணி, ஜாக்கி, 6, கிளாவர் ராஜா, 8, 4.

முதற் கையில் 8 புள்ளிகளே உள்ளன. இரண்டாவதில் 12 உள்ளன. ஆயினும் 1 இஸ்பேட் கேட்பதற்கு முதற் கையே ஏற்றது. அதில் இஸ்பேட் துருப்பானால் பிடிகள் உறுதி. எதிரணி ஆடினாலும் கூட்டாளி இஸ்பேடை இறக்குவது நன்மை தரும். இரண்டாவதில் டைமன் ராணியும் ஜாக்கியும் எதிரணியின் ஆட்டத்தைத் தடுக்கவே உதவும். கூட்டாளி இஸ்பேடை இறக்கினால் எதிரிக்கே பிடி கிடைக்கக்கூடும்.

இரண்டாம் நிலையில் கேட்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. 1 இஸ்பேடுக்கு மேல் 2 கிளாவர் கேட்பவர் எட்டுப் பிடிகளுக்குப் பொறுப்பேற்கிறார். எதிரணி இழப்பதோ 1 துருப்பில்லா என்ற ஒரே கேள்வியை மட்டுமே. ஆகவே இங்கு ஆறு சீட்டுள்ள நல்ல இனமும், ஏலத்தைத் தொடங்கப் போதிய வலிமையும் வேண்டும் என்பர்.

இழப்பும் ஆதாயமும்

எதிரணி டபுள் கூறிய ஆட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பிடிகள் குறைந்தால் இழப்பு முறையே 100, 300, 500, 800 ஆகும். வல்னரபிள் எனப்படும் இடர்நிலையில் அது 200, 500, 800, 1100 ஆக உயரும்.

இடர்நிலையில் உள்ள எதிரணி 4 இஸ்பேட் ஆடி வென்றால் 620 பெறும். இடர்நிலையில் இல்லாத நாம் டபுள் செய்யப்பட்ட ஆட்டத்தில் மூன்று பிடிகள் குறைந்து 500 இழந்தால், 120 மிச்சமாகும். நான்கு பிடிகள் குறைந்தால் 180 கூடுதலாக இழக்கிறோம். அணிப் போட்டியின் அளவுகோலில் முன்னது 3 பன்னாட்டுப் புள்ளிகள் ஆதாயம்; பின்னது 5 புள்ளிகள் இழப்பு. ஒரே ஒரு பிடியே இரண்டையும் பிரிக்கிறது.

இணைப் போட்டியில் வித்தியாசத்தின் அளவு பொருட்டன்று. 10 புள்ளி கூடினாலும் மற்ற இணையை வென்றதாகவே கொள்ளப்படும். அங்கு எதிரணி சிறு ஆட்டத்தில் பெறும் 110 அல்லது 140-ஐத் தடுக்கச் சென்று 200 இழப்பதே அஞ்சத்தக்கது.

வழக்கில் மாற்றம்

மேற்கேள்விக்கு அடுத்து அமர்ந்த எதிரி கூறும் டபுள் முற்காலத்தில் தண்டனையைக் குறித்தது. 1957-இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஆல்வின் ராத் அறிமுகப்படுத்திய நெகட்டிவ் டபுள் முறையில், அது கேட்கப்படாத இனங்கள் தம்மிடம் உள்ளன என்பதைக் குறிக்கலாயிற்று. உடனடித் தண்டனையின் அச்சம் குறைந்ததால், குறைந்த வலிமையுடன் மேற்கேள்வி கேட்கும் வழக்கம் எளிதாயிற்று. எனினும், தண்டிக்க விரும்புபவர் பாஸ் கூறிக் காத்திருக்க, ஏலத்தைத் தொடங்கியவர் டபுள் கூறுவது இன்றும் உண்டு. எனவே ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை.

கூட்டாளியின் பங்கு

ஒரே மேற்கேள்வி 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் குறிக்குமானால், கூட்டாளி சரியாக முடிவெடுக்க இயலாது. மெலிந்த கையுடன் கேட்கும் இணையில், கூட்டாளி அதற்கேற்ப அடக்கத்துடன் உயர்த்த வேண்டும். வலிமையுடன் ஆதரிக்க விரும்புபவர் எதிரணியின் இனத்தையே கேட்டு அதனைத் தெரிவிப்பது வழக்கம். ஒருமுறை துணிந்து கேட்டவர், அதே சீட்டுகளை நம்பி மீண்டும் கேட்பது பொதுவான தவறாகும்.

இவ்வுடன்பாடுகளை மறைத்து வைத்தல் விதிகளுக்குப் புறம்பானது. எதிரணி வினவினால் அவற்றை விளக்க வேண்டும்.

சென்னையில் உலகப் போட்டி

42ஆவது உலக பிரிட்ஜ் அணிப் போட்டிகள் 2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை சென்னையில் நடைபெற்றன. இணைகள் மறைமுகச் சைகைகளால் செய்தி பரிமாறியதாக எழுந்த குற்றச்சாட்டுகள் அதற்கு முந்தைய வாரங்களில் ஆட்ட உலகை உலுக்கின. சில அணிகள் விலகின. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு ஓர் இணைக்கான அழைப்பை விலக்கிக்கொண்டதால், போலந்து நான்கு ஆட்டக்காரர்களுடன் மட்டுமே களமிறங்கியது. அவ்வணியே இறுதியாட்டத்தில் சுவீடனை வென்று பெர்முடா கிண்ணத்தைப் பெற்றது.

மேற்கேள்வியின் பொருள் இதனால் தெளிவாகும். கூட்டாளியின் கையை அறிய ஆட்டக்காரருக்கு உரிய வழிகள் கேள்வியும், ஆடப்படும் சீட்டுகளுமே. கூட்டாளியிடம் என்ன இருக்கிறது என்பதைத் திருட்டுத்தனமாக அறிந்தவருக்கு மேற்கேள்வியில் துணிச்சல் என்பதே இல்லை. அறியாமல், கணக்கிட்டு, இழப்புக்கும் ஆயத்தமாகக் கேட்பதே ஆட்டத்தின் திறனாகும்.

இவற்றையும் பார்க்க

இருபத்தெட்டு (சீட்டாட்டம்)
முந்நூற்று நான்கு (சீட்டாட்டம்)
பெர்முடா கிண்ணம்