வம்சவழி பிரித்தானியக் குடியுரிமையும் கல்முனைக் கரையும்

ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே பிறந்த ஒருவர், தம் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அந்த மண்ணில் பிறந்ததைக் காட்டி அந்நாட்டுக் குடியுரிமையைக் கோருவதே வம்சவழிக் குடியுரிமைக் கோரிக்கை. இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தொடரும் முஸ்லிம் ஊர்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு தவறான நம்பிக்கையிலிருந்துதான் புறப்படுகிறது. 'மூத்தாப்பா பிறந்தது வெள்ளைக்காரன் காலத்தில். அவர் பிரித்தானியப் பிரஜை. அப்படியென்றால் எங்களுக்கும் உரிமை உண்டுதானே?' முதல் பாதி சரி. இரண்டாம் பாதி 1949இன் முதல் நாளோடு முடிந்துபோன கதை.

மன்னரின் ஆள்புலத்துக்குள் பிறந்தவர் எல்லாரும் மன்னரின் பிரஜை என்பது 1608ஆம் ஆண்டின் கால்வின் வழக்கிலிருந்து வந்த ஆங்கிலச் சட்ட மரபு. 1914ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. இலங்கையின் கரையோரம் 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1802இல் முடியாட்சிக் குடியேற்ற நாடானது. எனவே 1920இல் சாய்ந்தமருதில் ஒரு வள்ளக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளையும் லிவர்பூலில் ஒரு கப்பல் கூலி வீட்டில் பிறந்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகுப்பு. கல்முனைக்காரர் ஒருவர் அக்காலத்தில் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அதில் பிரித்தானியப் பிரஜை என்றே எழுதியிருக்கும். சில வீடுகளில் பெட்டிக்கடியில் கிடக்கும் அந்தப் பழைய புத்தகம்தான் பேரப்பிள்ளைகளின் ஆசைக்கு விதை.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15இல் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு கிழமைக்குள், 1949 சனவரி 1இல், பிரித்தானியாவின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அமுலானது. அது பழைய பிரஜைகளைப் பங்கு பிரித்தது. பிரித்தானியாவோடும் அதன் மிச்சக் குடியேற்ற நாடுகளோடும் தொடர்புள்ளவர்கள் 'ஐக்கிய இராச்சியத்தினதும் குடியேற்ற நாடுகளினதும் பிரஜை' என்ற புதிய வகுப்புக்குள் போனார்கள். சுதந்திரம் பெற்ற நாடுகளின் பிரஜைகள் தத்தம் நாட்டுப் பிரஜைகளாக இருந்து, அதன் வழியாகப் பொதுநலவாயப் பிரஜை என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கல்முனையின் மூத்தாப்பா இரண்டாம் பங்கில் விழுந்தார். அவரிடமிருந்து யாரும் எதையும் பறித்ததாக அன்று தோன்றவில்லை. சொந்த நாட்டின் பிரஜாவுரிமை கிடைத்ததே பெரிய காரியம். மலையகத் தமிழருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அந்த இலங்கைச் சட்டமும் வம்சத்தைப் பார்த்தே உரிமை கொடுத்தது. அது நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்தவர் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். இதன் தடம் இலங்கையின் பிறப்புச் சான்றிதழில் அப்படியே பதிந்திருக்கிறது. தகப்பன், தாய் விவரங்களுக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு. தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் பிறந்திருந்தால் அவரைப் பற்றி இன்னொரு கூடு. உம்மாவின் வாப்பாவுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இங்கேதான் கீழ்க்கரையின் வழக்கம் சட்டத்தோடு முரண்படுகிறது. இந்த ஊர்களில் ஒருவரின் 'குடி', அதாவது குலம், உம்மாவைத் தொட்டு வருவது. முஸ்லிம்களும் தமிழரும் இதில் ஒரே மாதிரி. ஒரே குடிக்குள் கல்யாணம் பேசமாட்டார்கள். பள்ளிவாசல் மரைக்காயர்மாரைக் குடிவாரியாக எடுக்கும் வழக்கம் இருந்தது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து எழுதியதில் பெரும்பகுதி இந்தத் தாய்வழி அமைப்பைப் பற்றியதுதான். வீட்டுக்குள் உம்மாவின் வழி. அரச கச்சேரியில் வாப்பாவின் வழி. லண்டனிலும் அன்று அப்படித்தான். 1948ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தில் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமையைக் கடத்தக்கூடியவர் தந்தை மட்டுமே, அதுவும் மணவழிப் பிறந்த பிள்ளைக்கு. கொழும்பு தன் சட்டத்தில் 'தந்தை' என்றிருந்த இடத்தைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தில்தான்.

அப்படியானால் இந்தக் கரையில் உண்மையான உரிமை யாருக்கு உண்டு? பறங்கியர் நினைவுக்கு வரலாம். ஆனால் மட்டக்களப்புப் பறங்கியரின் வம்சம் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் சேர்ந்தது. லண்டனுக்கு அது செல்லாது. மலையகத்தில் வெள்ளைத் துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகளின் வம்சம் செல்லத்தக்கதுதான். ஆனால் பெற்றோருக்கிடையே கல்யாணப் பதிவு இல்லாததால் அவர்கள் பல காலம் வெளியே நின்றார்கள். மணமாகாத தந்தையின் பிள்ளைகளுக்கான குறை தீர்ப்பு 2006 யூலைக்குப் பின் பிறந்தோருக்கும், முன்னர் பிறந்தோரில் ஒரு பகுதியினருக்கு 2015 ஏப்ரலிலும் வந்தது. பினாங்கு, மலாக்கா வழியும் ஒன்று உண்டு. அங்கே பிறந்தவர்கள் 1957இல் மலாயா சுதந்திரம் பெற்ற பிறகும் பழைய பிரித்தானிய வகுப்பை இழக்கவில்லை. ஆனால் புதிய பிரித்தானியச் சட்டம் அமுலான 1983இல் அவர்களுக்குக் கிடைத்தது 'கடல்கடந்த பிரித்தானியப் பிரஜை' என்ற பெயர். லண்டனில் இறங்கிக் குடியிருக்கும் உரிமை அந்தப் பெயரோடு வரவில்லை. பெயர் மட்டும் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

கல்முனைக் கரைக்குப் பொருந்தும் வழி வேறு, அதிகம் பேசப்படாததும்கூட. 1983க்கு முன் ஐக்கிய இராச்சியத்தில் பிறந்த பிள்ளை, பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும், பிறப்பாலேயே பிரஜை. தூதுவராலயத்தவரின் பிள்ளைகளே முக்கிய விலக்கு. எனவே படிக்கப்போன ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ 1975இல் லண்டனில் இருந்த காலத்தில் அவர் மனைவிக்கு அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாலும் அந்தப் பிள்ளை 1983 சனவரி 1இல் முழுப் பிரித்தானியக் குடிமகளாகிவிட்டாள். அவள் சீதன வீட்டில் வாழ்ந்து, 2001இல் கல்முனை வைத்தியசாலையில் பெற்ற பிள்ளையும், யாரும் விண்ணப்பிக்காமலே, பிறந்த கணத்திலிருந்து பிரித்தானியக் குடிமகன். அவன் செய்ய வேண்டியது கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பது மட்டும். காரணம், 1981ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் 1983இல் அமுலானபோது தாயும் தந்தையைப் போலவே குடியுரிமையைக் கடத்தலாம் என்றாக்கியது. கீழ்க்கரையின் குடிக் கணக்கும் பிரித்தானியச் சட்டமும் முதன்முறையாக ஒரே திசையைப் பார்த்தன.

அதே சட்டம் இன்னொரு கதவைச் சாத்தியது. பிரித்தானியாவில் பிறந்தாலே போதும் என்ற மரபு அன்றோடு முடிந்தது. பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரமாகக் குடியமர்ந்தவராகவோ இருக்க வேண்டும். வம்சவழி உரிமையும் ஒரு தலைமுறையோடு நின்றது. மேலே சொன்ன மகன் 'வம்சவழிக் குடிமகன்'. அவனுக்கு நிந்தவூரில் ஒரு பிள்ளை பிறந்தால் உரிமை தானாக வராது. தகப்பன் அதற்கு முன் மூன்று ஆண்டு பிரித்தானியாவில் வாழ்ந்திருந்தால் பிள்ளையைப் பதியலாம். அல்லது பெற்றோரோடு பிள்ளையும் அங்கே மூன்று ஆண்டு வாழ்ந்து, பதினெட்டு வயதுக்கு முன் விண்ணப்பிக்கலாம். அந்த வயது கடந்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். இதைக் காலம் கடந்து அறிந்து கைபிசைகிற குடும்பங்கள் பொதுநலவாய நாடுகள் எங்கும் உண்டு.

1983க்கு முன் பிரித்தானியத் தாய்மாருக்குப் பிற நாட்டில் பிறந்தவர்களின் கதை தனி. 1979 பெப்ரவரி 7இல் பிரித்தானிய அரசு, இத்தகைய தாய்மாரின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டால் பதிந்து கொடுப்பதாக அறிவித்தது. அறிவிப்பு பலரின் காதை எட்டவே இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குறையைத் தீர்க்க வந்தபோது, 1961 பெப்ரவரி 7க்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும் வழிவிட்டது. 1979இல் பதினெட்டைத் தாண்டியவர்களைக் கழித்துவிட்ட கணக்கு அது. அந்த நாளுக்கு முந்திப் பிறந்த அக்காவுக்கு இல்லை, பிந்திப் பிறந்த தம்பிக்கு உண்டு என்கிற இந்த ஏற்பாடு 2010 சனவரியில்தான் நீங்கியது. 2018இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ரோமெய்ன் வழக்கில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. தாய்வழிப் பிறப்புகளைத் தூதரகங்கள் ஒருகாலத்தில் பதிய மறுத்தன. மறுக்கப்பட்டது பிள்ளைகளின் குற்றமல்ல என்பதால் அந்தப் பதிவு இல்லை என்று இன்று தள்ளக் கூடாது என்றது தீர்ப்பு. 2022 யூன் 28 முதல், சட்டத்தின் அநீதியால் உரிமை தவறியவர்களைத் தற்றுணிபின் பேரில் பதிய இன்னொரு பிரிவும் வந்துள்ளது.

பாட்டனோ பாட்டியோ மட்டும் பிரித்தானியாவில் பிறந்தவர் என்றால் நேரே குடியுரிமை இல்லை. ஆனால் இலங்கை பொதுநலவாயத்தில் இருப்பதால், பதினேழு வயது நிரம்பியவர் 'வம்சாவளி விசா' கோரலாம்: வேலை செய்யும் எண்ணம் வேண்டும், ஐந்து ஆண்டு வாழ்ந்த பின் நிரந்தர வதிவிடம், அதன் பின் குடியுரிமை. தாய்வழிப் பாட்டியும் இதில் செல்லும். அதே பொதுநலவாயத் தொடர்பால், லண்டனில் வசிக்கும் கல்முனை மாணவர் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்து அந்நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கோரிக்கை எதுவாயினும் கடைசியில் காகிதத்தில் வந்து நிற்கும். கீழ்க்கரையில் அங்கேதான் சிக்கல். முதலில் பெயர். முஸ்லிம் பெயர்களில் வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக ஒட்டும், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முகம்மது என்பது ஒரு தாளில் மொஹமட், இன்னொன்றில் மொஹமது. மீராலெப்பை ஒரு சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் வரும். ஆங்கில எழுத்தில் இவை வேறு வேறு ஆட்கள்போலத் தோன்றும். அடுத்தது கல்யாணம். முன்னோரின் நிக்காஹ் ஊரறிய நடந்தும் பதியப்படாமல் இருந்திருக்கலாம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு இல்லாததால் மட்டும் விவாகம் செல்லாமல் போவதில்லை. ஆனால் லண்டனில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குப் பதிவுத் தாள்தான் கண்ணுக்குத் தெரியும். நிக்காஹ் ஏடான காவினின் பிரதியோ காதி நீதிமன்ற ஆவணமோ கிடைத்தால் அதிர்ஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக 2004 டிசம்பர் 26. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையில் சுனாமி வீடுகளோடு உறுதி, சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோனது. இலங்கைப் பிறப்புகளுக்குப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் மறுபிரதி எடுக்க முடிந்தது. லண்டனில் பிறந்தவரின் அசல் சான்றிதழ் கடலோடு போயிருந்தாலும் கவலையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதல் நடக்கும் பிறப்புப் பதிவேட்டில் பெயரும் காலாண்டும் தெரிந்தால் கட்டணம் செலுத்தி எவரும் பிரதி பெறலாம். பெற்றோர் விவரம் உள்ள நீண்ட சான்றிதழையே கேட்க வேண்டும். பெற்றோர் விவரம் இல்லாத குறுஞ்சான்றிதழ் வம்சத்தை நிறுவ உதவாது.

இலங்கைப் பக்கத்தில், வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுப்பவர் தம் பிரஜாவுரிமையை இழப்பதே பொது விதி. 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தம் விண்ணப்பித்து இரண்டையும் வைத்திருக்க வழி செய்தது. பிறப்பாலேயே பிரித்தானியரான பிள்ளையின் நிலை, பின்னால் விண்ணப்பித்துப் பெற்றவரின் நிலையிலிருந்து வேறு என்பதால் ஒவ்வொரு கோப்பையும் தனியாகவே பார்க்க வேண்டும். இரட்டைப் பிரஜைகள் பாராளுமன்றத்தில் இருக்கக் கூடாது என்ற தடையை அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் 2015இல் கொண்டுவந்தது, 20ஆம் திருத்தம் 2020இல் எடுத்தது, 21ஆம் திருத்தம் 2022 ஒக்டோபரில் மீண்டும் போட்டது. கல்முனையில் தேர்தல் கேட்க நினைப்பவர் லண்டன் கடவுச்சீட்டுக்குக் கையொப்பம் இடுமுன் அந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.