தண்ணியில போடுறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில இருந்து தொடங்குது. உங்க வீட்டுப் பரண்ல இருந்து ஸ்டாம்ப் ஒட்டின ஒரு பழைய தபால் கவர் கிடைக்குது. நீங்க ஸ்டாம்ப் சேர்க்கிற ஆள்னு வெச்சுக்கோங்க. அந்தக் கவரை என்ன செய்வீங்க?

ஸ்கூல் நாள்ல ஸ்டாம்ப் சேர்த்த யாரைக் கேட்டாலும் அநேகமா ஒரே பதில்தான் வரும். ஸ்டாம்ப்பைச் சுத்திக் கத்தரிக்கணும். கிண்ணத்துத் தண்ணியில ஊறப் போடணும். பசை விட்டதும் மெதுவா உரிச்சு, பழைய பேப்பர் மேல கவிழ்த்துக் காய வைக்கணும். கடைசியில டிக்‌ஷனரி மாதிரி தடியான புத்தகத்துக்குள்ள வெச்சு அழுத்தணும். ஸ்டாம்ப் ஆல்பத்துக்குப் போகும், கவர் குப்பைக்குப் போகும்.

இந்தப் பழக்கத்துக்கு ஏறக்குறைய 160 வருஷ வரலாறு இருக்கு. அது எங்க இருந்து வந்தது, எதையெல்லாம் நம்மகிட்ட இருந்து கழுவி எடுத்துட்டுப் போச்சு, இன்னிக்குத் தீவிரமா சேர்க்கிறவங்க ஏன் முழுக் கவரையும் தேடி அலையறாங்க? இதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

ஆல்பத்துக் கட்டமும் கத்தரிக்கோலும்

உலகத்தின் முதல் ஒட்டும் தபால் தலையான பென்னி பிளாக், 1840 மே 1 அன்று பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மே 6-லிருந்துதான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் சில தபால் ஆபீஸ்களில் அதற்கு முன்பே கடிதத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பாத் நகரத்திலிருந்து மே 2 அன்று போன ஒரு கவர் இன்றும் பிழைத்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிற பொருள் அது.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. பென்னி பிளாக்கை ரத்து செய்யக் குத்தின முத்திரை, மால்டீஸ் கிராஸ்னு சொல்ற பூப்போன்ற ஒரு வடிவம். அதுல தேதியே கிடையாது. தேதி முத்திரையைக் கவர்ல வேற இடத்துல தனியா குத்தினாங்க. அந்த பாத் கவரை யாராவது தண்ணியில போட்டிருந்தா, கையில மிஞ்சியிருக்கிறது இன்னொரு பென்னி பிளாக். மே 2-ங்கிற தேதி கவரோட போயிருக்கும்.

1860-களில் ஐரோப்பாவில் ஸ்டாம்ப் சேர்ப்பது பெரிய மோகமானது. 1862-இல் பாரிஸில் ஜஸ்டின் லாலியே என்பவர் அச்சடித்த ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு ஸ்டாம்ப்புக்கும் ஒரு கட்டம். கட்டம் சின்னதாக இருந்தால் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டாம்ப்பின் பல் ஓரத்தையே நறுக்கி உள்ளே பொருத்தினார்கள். ஓரத்துக்கே அந்தக் கதி என்றால், கவரை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? சேகரிப்பு என்றால் கட்டத்தை நிரப்புவது. அந்த எண்ணம் அப்படியே நம்ம ஊர் ஸ்கூல் ஆல்பம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்டாம்ப்பை எடுத்துக்கோங்க. 1856-இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் அச்சடித்த ஒரு சென்ட் மஜென்டா. 1873-இல் அதைக் குடும்பக் காகிதங்களுக்கு நடுவில் கண்டெடுத்தவன் 12 வயதுப் பையன். சில ஷில்லிங்குக்கு விற்றான். 2021-இல் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 83 லட்சம் டாலருக்குப் போனது. இன்று அது மூலைகள் வெட்டப்பட்ட ஒரு தனித் துண்டு. அது எதில் ஒட்டி வந்தது, யாருக்குப் போனது என்று அந்தத் துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதுக்கு எதிர்ப்பக்கத்துல ஒரு கவர் இருக்கு. 1847-இல் மொரீஷியஸ் வெளியிட்ட 'போஸ்ட் ஆபீஸ்' ஸ்டாம்ப்கள்ல ஒரு பென்னி ஸ்டாம்ப் ரெண்டு ஒட்டி, 1850-இல் பம்பாய்ல இருந்த பைபிள் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் போனது. 1897-இல் இந்தியாவில் ஒரு கடைத்தெருவில் அந்தக் கவர் கிடைத்தது. ஸ்டாம்ப், முகவரி எல்லாம் அப்படியே. 1968-இல் நியூயார்க்கில் 3,80,000 டாலருக்கு ஏலம் போனது. தோராயமா அம்பது வருஷம் அந்தக் கவர் எத்தனை கைக்குப் போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதுல ஒருத்தர் தண்ணிக் கிண்ணத்தை எடுத்திருந்தா போதும், இந்தக் கதையே நமக்குத் தெரியாது.

ஸ்டாம்ப் சாதாரணம், கவர் அசாதாரணம்

நம்ம நாட்டுலயே இதுக்கு நல்ல உதாரணங்கள் இருக்கு.

1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் ஒரு கண்காட்சி. ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களோடு கிளம்பி, யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். மொத்தம் 13 நிமிஷம் போல. உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். அந்தக் கடிதங்களில் ஒட்டியிருந்தது அன்றாடம் புழங்கிய ஏழாம் எட்வர்ட் ஸ்டாம்ப். அதற்கென்று தனி ஸ்டாம்ப் எதுவும் இல்லை. விமானப் படத்தோடு மஜென்டா நிறத்தில் குத்திய சிறப்பு முத்திரைதான் அது பறந்து வந்த கடிதம் என்பதற்குச் சாட்சி. ஊற வைத்து எடுத்தால் கையில் இருப்பது முத்திரையின் ஒரு துணுக்கோடு ஒரு சாதாரண எட்வர்ட்.

அடுத்து 1947 ஆகஸ்ட் 15. சுதந்திர இந்தியாவின் முதல் ஸ்டாம்ப் நவம்பர் 21-ஆம் தேதிதான் வந்தது. தேசியக் கொடி போட்ட மூன்றரை அணா ஸ்டாம்ப். அப்போ இடைப்பட்ட மூணு மாசம்? அதே ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலைதான். ஆனால் ஆகஸ்ட் 15 அன்று 'ஜெய் ஹிந்த்' என்ற சிறப்பு முத்திரை புழக்கத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் மன்னர் தலையோட, அதே கவர்ல, 'ஜெய் ஹிந்த்'. ஒரு நாட்டின் ஆட்சி மாற்றத்தை இதைவிடச் சுருக்கமா ஒரு காகிதம் சொல்லிட முடியுமா? கவரா பத்திரமா இருந்தாத்தான் அது முழுசா தெரியும்.

இன்னொண்ணு நம்ம கடல் தாண்டின வரலாறு. 1854-இலிருந்து 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் புழங்கியவை இந்திய ஸ்டாம்ப்கள். கல்கத்தாவில் ஒட்டினதும் சிங்கப்பூரில் ஒட்டினதும் ஒரே விக்டோரியா தலை. வித்தியாசம் முத்திரையில் இருக்கிற எண்ணில்தான். B172 என்றால் சிங்கப்பூர், B147 பினாங்கு, B109 மலாக்கா. தனி ஸ்டாம்ப்பில் அந்த எண் பாதி விழுந்திருந்தால் அது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது சிரமம். முழுக் கவர் என்றால் புறப்பட்ட ஊர், வழி, சேர்ந்த ஊர், கொடுத்த கட்டணம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பார்வைக்கே ஒரு பெயர் வந்தது: தபால் வரலாறு. லண்டனில் ஏலக் கம்பெனி நடத்திய ராப்சன் லோ அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். கடிதம் எப்படிப் பயணம் செய்தது, யார் எவ்வளவு கொடுத்தார்கள், வழியில் யார் தடுத்தார்கள் என்று படிப்பது அந்தத் துறையின் வேலை.

ஒரு விலாசத்தைப் படிக்கலாம்

என்கிட்ட இருக்கிற ஒரு கவரைச் சொல்றேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள் இருக்கு இல்லையா, அங்க ஒரு தகரப் பெட்டியில இருந்து வாங்கினது. உள்ளே கடிதம் இல்லை. வெறும் கவர்.

முன்பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ஸ்டாம்ப். பினாங்கு முத்திரை, வருஷம் 1941. போக வேண்டிய ஊர் தேவகோட்டை. பெயருக்கு முன்னால் வரிசையாக இனிஷியல்கள். செட்டியார் வட்டிக்கடைகளுக்கு அந்த இனிஷியல் கோவைதான் அடையாளம். அதை அவர்கள் 'விலாசம்' என்றே சொல்வார்கள். கடிதம் போகிற இடமும் விலாசம், கடையின் பெயரும் விலாசம். பக்கவாட்டில் கவரைப் பிரித்து மறுபடி ஒட்டிய ஒரு காகிதப் பட்டை. போர்க்காலத் தணிக்கை அதிகாரி திறந்து படித்ததன் அடையாளம் அது. பின்பக்கம் தேவகோட்டை தபால் ஆபீஸ் முத்திரை.

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். அதோடு அங்கிருந்து வந்துகொண்டிருந்த தபாலும் நின்றது. கடை வைத்திருந்தவர்கள், கணக்கெழுதப் போனவர்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என எத்தனையோ பேரின் செய்தி இல்லாமல் நம்ம ஊரில் குடும்பங்கள் காத்திருந்த வருஷங்கள் அவை. என் கையில் இருக்கிற கவர் அந்தக் கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தாண்டி வந்தது.

இந்த ஸ்டாம்ப்பை மட்டும் உரிச்சு எடுத்தா? ஆல்பத்துல ஒரு கட்டம் நிரம்பும். பினாங்கு முத்திரையில பாதி வரும். தணிக்கை, தேவகோட்டை, விலாசம் எதுவும் வராது. கவரா பார்த்தா நம்ம மக்களோட புலம்பெயர்வு வரலாற்றுல ஒரு பக்கம்.

அப்போ எதை ஊற வைக்கலாம்?

எல்லாத்தையும் வெச்சுக்கணும்னு நான் சொல்ல வரலை. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் அனுப்புகிற கவரில் சமீபத்திய சாதாரண ஸ்டாம்ப், அதுவும் முத்திரை மசமசன்னு இருந்தால் தாராளமாக ஊற வைக்கலாம். சுற்றிலும் ஒரு விரல் அகலம் காகிதம் விட்டுக் கத்தரிங்க. கலர் கவரைத் தனிக் கிண்ணத்தில் போடுங்க, சாயம் மற்றதில் ஏறிடும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற ஸ்டாம்ப் பலதும் தண்ணிக்கு மசியாது, அதைக் காகிதத்தோடயே வெச்சுக்கலாம்.

ஆனா கத்தரிக்கோலை எடுக்கிறதுக்கு முன்னாடி கவரின் ரெண்டு பக்கத்தையும் ஒரு தடவை பாருங்க. முத்திரையில ஊரும் தேதியும் தெளிவா இருக்கா? வெளிநாட்டுல இருந்து வந்ததா? ரிஜிஸ்டர் லேபிள், தணிக்கைப் பட்டை, முகவரி அடிச்சு மாத்தி எழுதினது, அனுப்பினவருக்கே திரும்பி வந்தது, ஸ்டாம்ப் பத்தாம டபுள் காசு வசூலிச்ச பேரிங் முத்திரை, இதுல ஏதாவது இருக்கா? ஒண்ணு இருந்தாலும் கவரை முழுசா வெச்சுடுங்க. சந்தேகமா இருந்தாலும் அதேதான். கவரை நாளைக்குக்கூட ஊற வைக்கலாம், ஊற வெச்சதை யாராலயும் திரும்பக் கவராக்க முடியாது.

வைக்கிறதும் சுலபம். செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உள்ளே கடிதம் இருந்தால் பிரிக்காமல் சேர்த்தே வையுங்க. அது யாருடையது, எங்கே கிடைத்தது என்று தனித்தாளில் பென்சிலால் எழுதி வையுங்க.

ஏன் இதை இப்போ பேசணும்? 2025-இல் இந்தியாவில் ரிஜிஸ்டர் தபால் சேவை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்ட்டரில் ஸ்டாம்ப் ஒட்டுவதற்குப் பதிலாக பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறார்கள். ஸ்டாம்ப் ஒட்டி, கையால் முகவரி எழுதி, முத்திரை விழுந்த கவர் இனிமேல் அபூர்வமாகத்தான் வரும். ஏற்கெனவே வீடுகளில் இருப்பதுதான் இருப்பு. அதுவும் வீடு மாற்றும்போதும், பெரியவங்க காலமான பிறகு அறையை ஒழிக்கும்போதும், எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது, பழைய கடிதக் கட்டு, கம்பியில குத்தி வெச்ச கார்டுகள், தகரப் பெட்டி ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இருந்தா, நீங்க வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் எடைக்குப் போட வேண்டாம்னு சொல்லி வைங்க. சிங்கப்பூர், ரங்கூன், கொழும்புன்னு எந்த முத்திரை கிடைச்சாலும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அதை அனுப்பினது யாருன்னு சொல்லத் தெரிஞ்சவங்க இன்னும் வீட்டுல இருந்தா, அவங்க சொல்றதை ரெக்கார்டும் பண்ணிக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.